ஊரை விட்டு வந்த கதையை போட்டோவுல எப்படி சொல்றது?

கேள்வி சுருக்கமா இதுதான். வேலைக்காக வேற நாட்டுக்கு வந்து சில வருஷம் ஆன ஒருத்தர், வீடு, இடம்பெயர்வு, நான் இப்ப எந்த இடத்து ஆளுங்கிற குழப்பம், இதையெல்லாம் வெச்சு ஒரு போட்டோ தொடர் பண்ண நினைக்கிறார். ஏர்போர்ட், பெட்டி, மழை வழியற ஜன்னல்னு நிறைய எடுத்தாச்சு, ஆனா எதைப் பாத்தாலும் வேற யாரோ எடுத்த மாதிரியே இருக்கு, எங்க இருந்து ஆரம்பிக்கணும், இடம்பெயர்ந்து வந்த மத்த குடும்பங்களையும் எடுக்கலாமா, எடுத்தா என்ன கவனிக்கணும்னு கேட்டிருக்கார்.

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் விவரமா போறேன். கேமராவைத் தொடறதுக்கு முன்னாடி ஒண்ணு முடிவு பண்ணுங்க, இந்தப் படம் யார் பாக்கறதுக்கு? ஊர்ல இருக்கிற அம்மாவுக்கா, இங்க கூட வேலை பாக்கறவங்களுக்கா, கண்காட்சிக்கு வர்ற முன்பின் தெரியாத ஆளுக்கா, பல வருஷம் கழிச்சு உங்க பிள்ளைக்கா? இடம்பெயர்வு பத்தின போட்டோக்கள் நல்லா வர்றதையும் வராம போறதையும் பெரும்பாலும் இந்த ஒரு விஷயம்தான் தீர்மானிக்குதுன்னு நான் உறுதியா நம்பறேன். உங்க பெட்டிப் படமும் ஏர்போர்ட் படமும் உங்களுக்கே அன்னியமா தெரியறதுக்குக் காரணமும் அதுதான், அதை நீங்க ஒரு ஆளுக்காக எடுக்கல, ஒரு தலைப்புக்காக எடுத்திருக்கீங்க.

போட்டோவுக்கும் இடம்பெயர்வுக்கும் இருக்கிற உறவு ரொம்பப் பழசு, அதுல பல இடத்துல முதல் பார்வையாளர் யாருன்னா அரசாங்கம்தான். அமெரிக்காவுல 1892-ல கியரி சட்டம்னு ஒண்ணு வந்துச்சு, அங்க இருந்த சீனத் தொழிலாளர்கள் எல்லாரும் தாங்க சட்டப்படிதான் இருக்கோம்னு காட்ட சான்றிதழ் வாங்கி வெச்சுக்கணும்னு, அடுத்த வருஷமே அதுல போட்டோவும் கட்டாயம்னு திருத்தம் கொண்டு வந்தாங்க. மத்த நாட்டுல இருந்து வந்தவங்க யாருக்கும் அப்ப அந்தக் கட்டாயம் கிடையாது. கொஞ்ச வருஷம் கழிச்சு, கப்பல்ல குடியேற வந்தவங்களைப் பரிசோதிச்சு உள்ள விட்ட நியூயார்க் எல்லிஸ் தீவுல அகஸ்டஸ் ஷெர்மன்னு ஒரு பதிவு குமாஸ்தா இருந்தார், வந்து இறங்கினவங்கள்ல, முக்கியமா விசாரணைக்காக நிறுத்தி வெச்சவங்கள்ல பலரை அவங்கவங்க ஊர் உடையோட நிக்க வெச்சு படம் எடுத்தார். படங்கள் பாக்க ரொம்ப அழகு, நேருக்கு நேரா பாக்கிற முகங்கள், ஆனா பல படத்துக்குக் கீழ பேரே இருக்காது, எந்த நாட்டுப் பெண், எந்த இனத்து ஆள்னு மட்டும்தான் இருக்கும். அந்த அம்மா எங்க போய்ச் சேர்ந்தாங்க, யாரைத் தேடி வந்தாங்கன்னு எதுவும் தெரியாது. படம் யாருக்காக எடுக்கப்பட்டதோ அவங்களுக்கு அந்த விவரம் தேவைப்படல, அவ்வளவுதான்.

முதல் உலகப் போர் சமயத்துல இருந்து பாஸ்போர்ட்ல போட்டோ ஒட்டறது உலகம் முழுக்க வழக்கமாச்சு, இப்ப பல நாடுகள்ல 35-க்கு 45 மில்லிமீட்டர், பின்னணி வெறுமையா இருக்கணும், வாய் மூடியிருக்கணும், சிரிக்கக் கூடாது. யோசிச்சுப் பாருங்க, ஒரு ஆள் எந்த வீட்டைச் சேர்ந்தவர்ங்கிறதுக்கான எல்லா அடையாளத்தையும் அந்தப் படத்துல இருந்து வேணும்னே எடுத்துடறாங்க, மூஞ்சி மட்டும் மிச்சம். அதனால நான் யாருக்கும் சொல்ற முதல் பயிற்சி இதுதான்: உங்க வீட்டுல இருக்கிற எல்லா அடையாள அட்டைப் படங்களையும், விசா படங்களையும், பழைய பாஸ்போர்ட்டுகளையும் எடுத்து வருஷ வரிசையில ஒரு மேஜை மேல பரப்பி வெச்சு ஒரே வெளிச்சத்துல ஒவ்வொண்ணா படம் எடுங்க. ஒரே மூஞ்சி வேற வேற நாட்டு முத்திரைக்குக் கீழ வயசாயிட்டே போறது தெரியும். நம்பர், கையெழுத்து எல்லாத்தையும் மறைச்சுடுங்க. ஏர்போர்ட் ஜன்னலை விட இது உங்க கதைக்கு ரொம்பப் பக்கம்.

அடுத்த பார்வையாளர், பத்திரிகை வாசிக்கிறவர். இதுல எல்லாருக்கும் தெரிஞ்ச உதாரணம் 1936 மார்ச்ல கலிஃபோர்னியாவுல நிபோமோங்கிற இடத்துல டொரத்தியா லாங்ங்கிற போட்டோகிராஃபர் எடுத்த 'இடம்பெயர்ந்த தாய்' படம். பட்டாணி பறிக்க வந்து, விளைச்சல் கெட்டுப் போய் வேலை இல்லாம கிடந்த கூடாரம், ஒரு அம்மா, ரெண்டு பக்கமும் முகத்தைத் திருப்பிக்கிட்ட குழந்தைங்க. படம் பேப்பர்ல வந்ததும் அரசாங்கம் அந்த முகாமுக்கு 20,000 பவுண்டு (சுமார் 9,000 கிலோ) உணவு அனுப்புச்சு, அந்த வகையில அந்தப் படம் நெஜமாவே உயிர் காப்பாத்தின படம், அதை நான் குறைச்சுச் சொல்லவே மாட்டேன். ஆனா உணவு வந்து சேர்றதுக்குள்ள அந்தக் குடும்பம் அங்க இருந்து கிளம்பிப் போயாச்சு. லாங் அந்தம்மா பேரைக் கூட கேட்டுக்கல. நாப்பது வருஷத்துக்கு மேல கழிச்சு 1978-லதான் அவங்க ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ஸன்னு வெளிய தெரிஞ்சது, அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம், அதால எனக்கு ஒரு பைசா வரலன்னு மனசு வெறுத்துச் சொன்னாங்க. உலகத்துக்கே தெரிஞ்ச மூஞ்சி, ஆனா தன் படத்து மேல தனக்கே ஒரு பாத்தியதையும் இல்ல. நீங்க மத்த குடும்பங்களைப் படம் எடுக்கப் போறதா இருந்தா இந்தக் கதையை மறக்காதீங்க.

பாக்கறவங்க மனசுல ஏற்கனவே ஒரு கதை இருந்துச்சுன்னா படம் என்ன சொன்னாலும் அவங்க கண்ணுக்குத் தெரியாது, இதுக்கும் ஒரு நல்ல உதாரணம் இருக்கு. ஆல்ஃப்ரெட் ஸ்டீக்லிட்ஸ் 1907-ல எடுத்த 'தி ஸ்டீரேஜ்', கப்பலோட கீழ்த்தட்டுல நெருக்கியடிச்சு நிக்கிற மக்கள். அமெரிக்காவுக்குப் பிழைக்க வர்றவங்கன்னே பல பேர் இன்னைக்கும் நினைக்கிறாங்க, ஆனா அந்தக் கப்பல் நியூயார்க்ல இருந்து ஐரோப்பாவுக்குப் போயிட்டிருந்தது, அதாவது அதுல இருந்தவங்க திரும்பிப் போறவங்க. திரும்பிப் போறதுன்னு ஒரு இடம்பெயர்வு இருக்குங்கிறதே நம்ம மனசுல இல்ல! அதே மாதிரிதான் படகு, முள்வேலி, வரிசைன்னு ஒரே பாணிப் படங்களையே திரும்பத் திரும்பப் பாத்து, இடம்பெயர்வுன்னாலே அதுதான்னு ஆயிடுச்சு. 2024 கடைசியில உலகத்துல 12 கோடிப் பேருக்கு மேல போராலயும் அடக்குமுறையாலயும் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவங்களா இருந்தாங்க, அதுல பாதிக்கும் மேல சொந்த நாட்டுக்குள்ளயேதான் வேற இடத்துல இருந்தாங்க, எந்த எல்லையையும் தாண்டல. உங்களை மாதிரி வேலைக்கோ படிப்புக்கோ போனவங்க தனி. இவங்க யாரோட கதையிலயும் பெரிய நாடகம் கண்ணுக்குத் தெரியாது. தெரியற மாதிரி எடுக்கிறதுதான் வேலை.

மூணாவது பார்வையாளர், ஊர்ல இருக்கிறவங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். வெளிநாடு போனவங்க ஸ்டூடியோவுக்குப் போய் நல்ல சட்டை போட்டு நின்னு எடுத்து வீட்டுக்கு அனுப்பின படங்கள் இருக்கே, அது உலகம் முழுக்க எல்லா சமூகத்துலயும் உண்டு. அதுல பாதி உண்மை, பாதி ஆறுதல், நான் நல்லா இருக்கேன்னு சொல்றதுக்காக எடுத்தது. மெனக்கெட்டு மறைச்சது என்னன்னு பாத்தா நெருக்கடியான ரூம், ராத்திரி ஷிஃப்ட், தனிமை. அனுப்பின படத்துக்கும் அனுப்பாத படத்துக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கு பாருங்க, உங்க தொடரோட உயிர் அங்கதான் இருக்கும்னு எனக்குத் தோணுது. இந்த இடைவெளியை ரொம்ப நேர்மையா காட்டினவர் தைவான்ல பிறந்த சியென்-சி சாங். 1992-ல ஆரம்பிச்ச 'சைனா டவுன்' தொடர்ல, நியூயார்க் சீனப் பகுதியில நெருக்கமான வீடுகள்ல தங்கி வேலை பாக்கிற ஆண்களை கறுப்பு வெள்ளையில எடுத்தார், அப்புறம் சீனாவுல ஃபூஜியான் மாகாணத்துக்குப் போய் அதே ஆண்களோட மனைவி பிள்ளைகளை கலர்ல எடுத்தார். அதுவும் ஒரு தடவை போய் எடுத்துட்டு வந்த வேலை இல்ல, பல வருஷம் திரும்பத் திரும்பப் போனார், பிள்ளைங்க அப்பா இல்லாமலே வளர்றது படத்துலயே தெரியும். கறுப்பு வெள்ளை, கலர்ங்கிற ஒரே ஒரு முடிவு, ஒரு குடும்பம் ரெண்டு உலகத்துல கிடக்கிறதை விளக்கமே இல்லாம சொல்லிடுது.

உங்களால அடிக்கடி ஊருக்குப் போக முடியாதுன்னா கவலை வேண்டாம், இன்னைக்கு அந்த இடைவெளி உங்க போன்லயே இருக்கு. வீடியோ கால்ல அப்பாவோட நெத்தி மட்டும் தெரியற ஸ்க்ரீன்ஷாட், நெட்வொர்க் போய் உறைஞ்ச மூஞ்சி, பின்னாடி நீங்க இல்லாம மாத்திப் போட்டுட்ட சோஃபா. தரம் மோசமா இருக்குன்னு இதையெல்லாம் தள்ளிடாதீங்க, இந்தக் காலத்துல இடம்பெயர்ந்தவங்களோட நெஜமான குடும்ப ஆல்பம் இதுதான். இன்னொண்ணு செஞ்சு பாருங்க, ஊர்ல இருக்கிற ஒருத்தர் கிட்ட பேசி வெச்சுக்கிட்டு, வாரத்துல ஒரு நாள் ஒரே நிமிஷத்துல ரெண்டு பேரும் அவங்கவங்க முன்னாடி என்ன இருக்கோ அதை ஒரு படம் எடுங்க, அழகு பாக்காதீங்க, போஸ் வேண்டாம். உங்களுக்கு ராத்திரி, அவங்களுக்குப் பகல். கொஞ்ச மாசத்துல ரெண்டு ரெண்டா பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா, ஏர்போர்ட் படத்துல நீங்க தேடின விஷயம் அதுல தன்னால வந்திருக்கும். ஏன்னா ஒவ்வொரு படமும் ஒரு ஆளுக்குப் போயிருக்கு.

இப்ப எங்க ஆரம்பிக்கணும்ங்கிற கேள்விக்கு வர்றேன். புதுசா எடுக்கிறதுக்கு முன்னாடி, வீட்டுல ஏற்கனவே இருக்கிற படங்கள்ல ஆரம்பிங்க. ஆல்பத்தை எடுத்து வெச்சுக்கிட்டு வீட்டுல மூத்தவங்க யாரையாவது பக்கத்துல உக்கார வெச்சு, போன்ல ரெக்கார்டிங் போட்டுட்டு, ஒவ்வொரு படமா காட்டிக் கேளுங்க. படத்துல யாருன்னு கேக்கறதை விட யாரு எடுத்தா, எதுக்கு எடுத்தீங்க, அப்ப அங்க இருந்து படத்துல வராம போனது யாருன்னு கேளுங்க, பதில் வேற மாதிரி வரும். கிழிச்சு எடுத்த பாதி, ஒட்டியிருந்து பிஞ்சு போன தடம், பின்னாடி பேனாவுல எழுதின தேதி, இதெல்லாம் முன்பக்கத்தை விட அதிகமா பேசும், அதனால படத்தோட பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணுங்க. ஆல்பமே இல்லாத குடும்பமும் நிறைய உண்டு, போர்ல வெள்ளத்துல எல்லாம் போனவங்க. அவங்க கிட்ட இல்லாத படத்தை வாயால சொல்லச் சொல்லிப் பதிவு பண்ணுங்க, அந்த விவரிப்பே ஒரு பக்கமா வரலாம், பக்கத்துல படம் எதுவும் வேண்டாம்.

டின் க்யூ லேன்னு ஒரு வியட்நாம் கலைஞர், சின்னப் பையனா இருக்கும்போது 1978-ல குடும்பத்தோட தப்பிச்சுப் போனவர், வீட்டுப் படங்களை எல்லாம் அங்கயே விட்டுட்டுப் போக வேண்டியதாச்சு. பெரியவனாகி வியட்நாம் திரும்பினப்புறம் பழைய சாமான் விக்கிற கடைகள்ல குவிச்சுக் கிடக்கிற யார் யாரோட குடும்பப் படங்களையோ வாங்கி வாங்கிச் சேத்தார், என்னைக்காவது ஒரு நாள் தன் குடும்பத்தோட படமும் அதுல இருக்குமோன்னு. அது கிடைக்கல, ஆனா அந்தப் படங்களை நூலால ஒண்ணோட ஒண்ணு கோத்து பெரிய திரைச்சீலை மாதிரி தொங்க விட்டு ஒரு படைப்பா பண்ணினார். இன்னொரு பக்கம் சூசன் மெய்ஸலாஸ், குர்து மக்களோட புதைகுழிகளைப் படம் எடுக்கப் போனவர், தனக்குன்னு நாடோ ஆவணக் காப்பகமோ இல்லாத ஒரு இனத்தோட வரலாறு வீட்டு ஆல்பங்கள்லயும் ஸ்டூடியோ நெகட்டிவ்கள்லயும்தான் சிதறிக் கிடக்குன்னு புரிஞ்சு, பல வருஷம் அதையெல்லாம் தேடிச் சேத்து 1997-ல குர்திஸ்தான் பத்தி ஒரு பெரிய புத்தகமா போட்டார். ரெண்டு பேரும் போட்டோகிராஃபர் வேலைன்னா ஷட்டரை அமுக்கறது மட்டும்தான்னு நினைக்கல. சேக்கறதும், காப்பாத்தறதும், உரியவங்க கிட்ட திருப்பிக் கொண்டு போறதும் அதே வேலைதான்.

காப்பாத்தறதுன்னு சொன்னதால ஒரு சின்ன கிளைப் பேச்சு, ஆனா அவசரமானது. 1970-கள்ல, 80-கள்ல எடுத்த கலர் ப்ரிண்ட் பலது வெளிச்சமே படாம ஆல்பத்துக்குள்ள இருந்தும் சிவந்து போயிருக்கும், காரணம் அந்தக் காலத்து காகிதத்துல இருந்த நீலப்பச்சைச் சாயம் இருட்டுலயும் மெதுவா மங்கிடும், சிவப்புச் சாயம் மிஞ்சி நிக்கும். அதை நிறுத்த முடியாது, இப்பவே ஸ்கேன் பண்ணிக்கிறதுதான் வழி, ஸ்கேனர்ல துல்லியத்தை 600 டிபிஐ-ன்னு வெச்சா போதும், ரொம்பச் சின்னப் படம்னா 1200. மேல ப்ளாஸ்டிக் தாள், கீழ பசை இருக்கிற ஆல்பம் ரொம்ப மோசம், பசை காலப்போக்குல படத்தை மஞ்சளாக்கி ஒட்டிப் பிடிச்சுடும், பிடிச்சு இழுக்காதீங்க, பல் இடுக்குல விடற நூலை படத்துக்கு அடியில மெதுவா விட்டு அறுத்து எடுங்க, வரலன்னா அப்படியே ஆல்பத்தோட சேத்துப் படம் எடுத்துடுங்க. நிறம் மாறினதை கம்ப்யூட்டர்ல சரி பண்ணலாம், ஆனா சரி பண்ணாத ஸ்கேனை தனியா வெச்சுக்கோங்க. சிவந்து போனதும் அந்தப் படத்தோட வயசுதான், சில தொடர்ல அப்படியே விடறதுதான் சரியா இருக்கும்.

இதுக்கப்புறம் கேமராவை எடுங்க. இப்ப நீங்க இருக்கிற வீட்டுலயே எடுங்க, வெளிய போகவே வேண்டாம் கொஞ்ச நாளைக்கு. உடனே புரியற சின்னங்களைக் குறைச்சுட்டு, கை தானா செய்யற விஷயங்களைப் பாருங்க. சாவியை எங்க வைக்கறீங்க, செருப்பை எங்க கழட்டறீங்க, எந்தச் சாமானை இன்னும் அட்டைப்பெட்டியை விட்டு எடுக்கவே இல்ல, சுவத்துல ஆணி அடிச்சிருக்கீங்களா இல்ல எல்லாத்தையும் சாய்ச்சே வெச்சிருக்கீங்களா, கட்டிலுக்கு ஒரு பக்கம் மட்டும் மேஜை இருக்கா, யாரும் வந்தா உக்கார ரெண்டாவது நாற்காலி இருக்கா. வாடகை வீட்டுல ஆணி அடிக்காம பல வருஷம் வாழற ஒருத்தரோட சுவர், என்னைப் பொறுத்தவரை, எந்த எல்லைச்சாவடிப் படத்தையும் விட இடம்பெயர்வைப் பத்தி அதிகமா சொல்லும். 35 எம்எம் இல்லன்னா 50 எம்எம் லென்ஸ் ஒண்ணு போதும், போன்னாலும் போதும், ஜூம் பண்ணாதீங்க, கிட்டப் போங்க. ஜன்னல் வெளிச்சத்துல எடுங்க, ஃப்ளாஷ் போட்டா ரூமோட நேரம் செத்துடும். ட்ரைபாட் வெச்சு ஒரே மூலையை ஒரே உயரத்துல இருந்து மாசா மாசம் எடுத்து வாங்க, சாமான் கூடறதும் குறையறதும் இடம் மாறறதும் தன்னால கதையாகும், நீங்க அந்த இடத்துல வேர் விடறீங்களா இல்லையான்னு உங்களுக்கு முன்னாடி அந்த மூலைக்குத் தெரியும்.

உங்களையும் படத்துல வைங்க. சினோ ஒட்சுக்கான்னு ஒரு கலைஞர், டோக்கியோவுல பிறந்து பத்து வயசுல இங்கிலாந்துக்குப் போனவர், தன் சின்ன வயசுப் படங்கள்ல வளர்ந்த தன்னை கம்ப்யூட்டர் மூலமா சேத்து, சின்னப் பொண்ணும் பெரிய பொண்ணும் பக்கத்துல பக்கத்துல நிக்கிற மாதிரி பண்ணினார். பாக்க தந்திரம் மாதிரி தெரியலாம், ஆனா அந்த ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் ஒண்ணும் கேட்டுக்காம நிக்கிறதைப் பாத்தா மனசு கனத்துடும். அந்தப் படத்தை அவர் யாருக்குக் காட்டறார்னு பாத்தா, முதல்ல தனக்கேதான்.

எங்கயும் சேராத உணர்வுன்னு சொன்னீங்க இல்ல, அதை குறைபாடா மட்டும் பாக்க வேண்டாம்னு சொல்லணும்னு தோணுது. ஜோசஃப் கூடெல்கா 1968-ல ப்ராக் நகரத்துக்குள்ள சோவியத் டாங்குகள் நுழைஞ்சதைப் படம் எடுத்தவர், குடும்பத்துக்கு ஆபத்து வரும்னு பேர் போடாமயே அந்தப் படங்கள் வெளிய வந்துச்சு, 1970-ல நாட்டை விட்டுப் போனவர் பதினேழு வருஷம் எந்த நாட்டுக் குடிமகனும் இல்லாம இருந்தார், படுக்கிற பையை விரிச்ச இடம்தான் வீடு. அப்ப எடுத்ததுல இருந்து 1988-ல 'எக்ஸைல்ஸ்'னு புத்தகம் வந்துச்சு. அதுல அழுது புலம்பற படம் ஒண்ணு கூட இல்லைன்னே சொல்லலாம், பனியில ஒரு கறுப்பு நாய், வெறும் தெரு, பேப்பர் விரிச்சு அது மேல வெச்ச சாப்பாடு, ஆனா எந்தப் படத்தைப் பாத்தாலும் எடுத்த ஆளுக்கு அன்னைக்கு ராத்திரி திரும்பிப் போக ஒரு இடம் இல்லன்னு தெரியும். இதுக்கு நேர் எதிர்ப்பக்கம் லடோயா ரூபி ஃப்ரேஸியர், அமெரிக்காவுல ப்ராடக்னு ஒரு பழைய எஃகு ஆலை ஊர்ல வளர்ந்தவர், அம்மாவையும் பாட்டியையும் தன்னையும் பல வருஷம் எடுத்து 2014-ல புத்தகமா போட்டார். அவங்க குடும்பம் எங்கயும் போகல. வேலை போச்சு, ஜனங்க போனாங்க, 2010-ல ஆஸ்பத்திரியையும் மூடிட்டாங்க, இருந்த இடத்துலயே இருந்து ஊரைத் தொலைச்சாங்க. ஊருக்குப் போகும்போது, போகாம அங்கயே இருந்தவங்களையும் இந்தக் கண்ணோட பாருங்க, அவங்களுக்கும் பழைய ஊர் இல்ல.

மத்த குடும்பங்களை எடுக்கலாமான்னா, தாராளமா எடுக்கலாம், ஆனா அவசரப்படக் கூடாது. முதல் சந்திப்புல கேமரா பையை விட்டு வெளிய வரவே வேண்டாம். இதுல நான் ரொம்ப மதிக்கிற ஆள் ஃபஸல் ஷேக், 1990-கள் ஆரம்பத்துல கென்யாவுல அகதி முகாம்களுக்குப் போனவர், மத்த பத்திரிகைக்காரங்க எல்லாம் அவசர அவசரமா எடுத்துட்டுப் போன இடத்துல இவர் பெரியவங்க கிட்ட அனுமதி கேட்டு, அவங்க எப்படி நிக்க விரும்பறாங்களோ அப்படி நிக்க விட்டு, நிதானமா எடுத்தார், ஒவ்வொரு படத்துக்கும் அந்த ஆளோட பேரைத்தான் தலைப்பா வெச்சார். லாங் படத்துல விட்டுப் போனது இங்க இருக்கு. ஜிம் கோல்ட்பர்க் 'ஓபன் ஸீ'ங்கிற தொடர்ல ஐரோப்பாவுக்கு வந்தவங்களை, எடுத்த உடனே ப்ரிண்ட் வர்ற போலராய்டு கேமராவுல எடுத்து அந்தப் படத்து மேலயே அவங்க கையெழுத்துல அவங்க மொழியில எழுத வெச்சார், யார் கதைங்கிறதுல சந்தேகமே வராது. இதை யார் வேணாலும் செய்யலாம், ஒரு சின்ன ப்ரிண்ட் போட்டு ஒரு பேனா கொடுங்க. எடுத்த படத்துல நல்லதா ஒண்ணை ப்ரிண்ட் போட்டு ரெண்டாவது தடவை போகும்போது கையில கொடுங்க, அனுப்பறேன்னு சொல்லிட்டு அனுப்பாம விடறது அந்த வீட்டுக் கதவை அடுத்து வர்றவங்களுக்கும் சேத்து மூடிடும்.

முடிஞ்சா கேமராவையே அவங்க கையில கொடுத்துடுங்க. யார் ஷட்டரை அமுக்கறாங்கங்கிறது எவ்வளவு பெரிய விஷயம்னு புரிய டோயோ மியாடாகே கதையைத் தெரிஞ்சுக்கணும். ரெண்டாம் உலகப் போர்ல அமெரிக்கா தன் நாட்டுல இருந்த ஜப்பானிய வம்சாவளிக்காரங்க சுமார் 1,20,000 பேரை முகாம்கள்ல அடைச்சுச்சு, கேமரா வெச்சுக்கத் தடை. லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஸ்டூடியோ வெச்சிருந்த மியாடாகே ஒரு லென்ஸை ஒளிச்சு மான்ஸனார் முகாமுக்குள்ள கொண்டு போயிட்டார், உள்ள ஒரு தச்சரை வெச்சு மரப்பெட்டியில கேமரா செஞ்சு ரகசியமா எடுத்தார். மாட்டினப்புறம் நிர்வாகம் கடைசியில அனுமதிச்சுச்சு, ஆனா எப்படின்னா, எல்லாத்தையும் அவர் சரி பண்ணி வைக்கலாம், ஷட்டரை ஒரு வெள்ளைக்காரர்தான் அமுக்கணும்! அந்த விதி பிறகுதான் தளர்ந்துச்சு. அதே சமயத்துல அரசாங்கமே கூப்பிட்டு எடுக்கச் சொன்ன டொரத்தியா லாங் படங்கள் அரசாங்கத்துக்குப் பிடிக்காத உண்மையைக் காட்டினதால போர் முடியற வரைக்கும் வெளிய விடல. உள்ள இருந்தவர் எடுத்த படங்கள்ல கல்யாணம் இருக்கு, குழந்தைங்க விளையாட்டு இருக்கு, முள்வேலி ஓரத்துல நிக்கிற பசங்களும் இருக்காங்க. வெளிய இருந்து வர்றவர் கண்ணு பெரும்பாலும் முள்வேலியில மட்டும் போய் நிக்கும்.

பாதுகாப்பு விஷயத்துல கண்டிப்பா இருங்க. விசா நிலை தெளிவா இல்லாதவங்க, தஞ்சம் கேட்டு காத்திருக்கிறவங்க, ஊர்ல இருக்கிற சொந்தக்காரங்களுக்கு ஆபத்து வரக்கூடியவங்க, இவங்க முகமோ வீட்டு வாசலோ வேலை இடமோ படத்துல தெரியக் கூடாது, அவங்க சரின்னு சொன்னாலும் ரெண்டு தடவை யோசிங்க, ஏன்னா இன்னைக்கு சரியா இருக்கிறது நாளைக்கு அப்படி இருக்காது. போன்ல எடுக்கிற படத்துக்குள்ள எடுத்த இடத்தோட ஜிபிஎஸ் விவரம் ஒளிஞ்சிருக்கும், கேமரா செட்டிங்க்ஸ்ல லொகேஷனை முதல்லயே ஆஃப் பண்ணுங்க, வாட்ஸ்அப்ல சாதாரணமா படமா அனுப்பினா அந்த விவரம் போயிடும், டாக்குமென்ட்டா அனுப்பினா அப்படியே போய்ச் சேரும், இது நிறைய பேருக்குத் தெரியாது. முகம் இல்லாம எடுக்கிறது கஷ்டம்னு நினைக்காதீங்க, கைகள், முதுகு, காலி நாற்காலி, அவங்க கூடவே கொண்டு வந்த ஒரு பொருள், பக்கத்துல அவங்க குரல்ல நாலு வரி, இது போதும். குழந்தைகள் விஷயத்துல அப்பா அம்மா அனுமதி மட்டும் பத்தாது, அந்தப் பிள்ளை வளர்ந்து பாத்தா வெக்கப்படுமான்னு கேட்டுக்கோங்க. எப்ப வேணாலும் வேண்டாம்னு சொல்லலாம், எடுத்துடறேன்னு முதல்லயே சொல்லி வைங்க, சொன்னா உடனே எடுத்துடுங்க, காரணம் கேக்காதீங்க.

கடைசியா தொகுக்கிறது. சொந்தக் குடும்பத்தை எடுக்கறதால எல்லாம் எனக்குத் தெரியும்னு நினைச்சுடாதீங்க. லாரி சல்ட்டன்னு ஒரு அமெரிக்கர் தன் அப்பா அம்மாவை 1980-கள் முழுக்க எடுத்து 1992-ல புத்தகம் போட்டார், அதுல தன் படங்களோட பழைய வீட்டு சினிமாத் துணுக்குகளையும் அப்பா அம்மா பேச்சையும் சேத்தார், அதுலயும் அப்பா மறுத்துப் பேசினதைக் கூட வெட்டல. கட்டில்ல கோட்டு சூட்டு போட்டு சோகமா உக்காந்திருக்கிற அந்தப் படத்துல இருக்கிறது நான் இல்ல, நீதான்னு அப்பா சொல்றார். அந்த ஒரு பேச்சு உள்ள வந்ததால அந்தப் புத்தகம் முழுக்க நிமிர்ந்து நிக்குது. நீங்களும் படங்களைத் தேர்ந்தெடுத்தப்புறம் அதுல இருக்கிறவங்க கிட்ட பரப்பிக் காட்டுங்க, இது நாங்க இல்லன்னு அவங்க சொல்ற படத்தைத் தூக்கிப் போடறதா இல்ல அவங்க சொன்னதையும் பக்கத்துல எழுதி வைக்கிறதான்னு சேந்து முடிவு பண்ணுங்க. சின்ன ப்ரிண்டா போட்டு சுவத்துலயோ தரையிலயோ வெச்சு நகர்த்தி நகர்த்திப் பாருங்க, ஸ்க்ரீன்ல வரிசை பிடிபடாது. ஊர்ல எடுத்தது முதல் பாதி, இங்க எடுத்தது ரெண்டாம் பாதின்னு பிரிக்காதீங்க, மனசு அப்படி இல்லையே, கலந்தே போடுங்க. கேப்ஷன்ல பேர், இடம், வருஷம் போதும், "ஏக்கம்", "வேர்கள்"னு தலைப்பு வெச்சா பாக்கறவர் வேலையை நீங்களே செஞ்சுடறீங்க.

ஏற்கனவே எடுத்த ஏர்போர்ட் படங்களை அழிக்க வேண்டாம். அதுல ஒண்ணோ ரெண்டோ, யாரையோ வழியனுப்பும்போதோ கூப்பிடப் போகும்போதோ எடுத்ததா இருக்கும், அந்த ஆள் பேரைச் சொல்ல முடிஞ்சா அது மட்டும் தொடர்ல இருக்கட்டும். முதல் தொகுப்பு முப்பது படத்துக்குள்ள வந்தா அதை ஒரு சின்ன கையடக்கப் புத்தகமா ரெண்டு பிரதி போடுங்க, ஒண்ணை ஊருக்கு அனுப்புங்க, கண்காட்சி பத்தியெல்லாம் அவங்க பாத்துட்டு என்ன சொல்றாங்கன்னு தெரிஞ்சப்புறம் யோசிக்கலாம்.